ரோகிணி அணையும் வரை

நான் பிறந்தது ரோகிணியில். ரோகிணியில் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அதனால் மாமா என் முகத்தை முதன்முதலில் பார்த்ததே ஒரு கிண்ணம் நல்லெண்ணெயில்தான். நிழலை அப்படிப் பார்த்துவிட்டால் தோஷம் கழிந்துவிடுமாம். "எண்ணெயில பாத்தப்ப நீ அழகாத்தான் இருந்த, நேர்ல பாத்துதான் ஏமாந்துட்டேன்" என்று நான் பள்ளிக்கூடம் போன பிறகும் சீண்டுவார்.

சேவூரில் பட்டு நெய்துகொண்டிருந்தார். பிள்ளையில்லாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆரணியில் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து ஊரைச் சுற்றுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாவது படிக்கும்போது, அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தும் ஆள் பாதியாகிவிட்டார். பெரியம்மா ஒருநாள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எண்ணெயில பாத்துட்டா ஆச்சா? ரோகிணி தன் வேலைய காட்டிகினுதான் இருக்குது."

பக்கத்து அறையில் எழுதிக்கொண்டிருந்த என் காதிலும் அது விழுந்தது.

அந்தத் தை மாதம் அறிவியல் டீச்சர் எங்களை மாலையில் மைதானத்துக்கு வரவழைத்து வானத்தைக் காட்டினார். உச்சிக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறமாக ஒன்று. "அதான் ரோகிணி. வயசாகி ஊதிப்போன நட்சத்திரம். ஒருநாள் அணைஞ்சிடும்" என்றார். எப்போது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கிழடுகள் அதிக நாள் தாங்காது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அது அணைந்தால் தோஷமும் போய்விடும். அதுவரை மாமா முகத்தில் விழிக்கக் கூடாது. என் கணக்கில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு மாலைகளில் வீட்டில் எல்லோரும் சேவூர் கிளம்புவார்கள். எனக்கு வயிற்றுவலி வரும், பரீட்சை வரும். "மாமா உன்னத்தான் கேட்டுகினு இருக்காரு, ஜல்தி கெளம்புடி" என்று அம்மா கெஞ்சினாள். பிறகு அடித்தாள். நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று திட்டினாள். அவர்கள் போனதும் மாடிக்கு ஓடுவேன். ரோகிணி மாதத்துக்கு மாதம் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. எனக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

சித்திரையில் மாமா இறந்துபோனார். அன்று மாலையும் அது மேற்கில் தாழ்வாக எரிந்துகொண்டிருந்தது. வைகாசியில் தேடினேன், காணவில்லை. சூரியனோடு சேர்ந்து மறைந்திருக்கிறது என்று எனக்கு யார் சொல்வார்கள்? ஒரு மாதம் முன்னால் செத்திருக்கக் கூடாதா என்று அதைத் திட்டித் திட்டி அழுதேன். கார்த்திகையில் அது கிழக்கே ஜம்மென்று வந்து நின்றபோது மாடிப்பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி, சில வருடங்கள் கழித்து அத்தையைப் பார்க்கச் சேவூர் போனேன். பேச்சோடு பேச்சாக அத்தை சொன்னாள்:

"கடைசில ஞாயித்துக்கெழம ஆனா போதும், ஆள வரவச்சு சவரம் பண்ணிக்குவாரு. எழுந்து ஒக்கார முடியாது, சாச்சு புடிச்சுக்கணும். ஏன்யா இந்த பேஜாருன்னு கேட்டா, 'கொழந்த என் மூஞ்சிய பாத்து பயந்துகினுதான் வரமாட்டேங்குது, இன்னிக்கி வந்தாலும் வரும்'னுவாரு."

நான் பயந்தது உண்மைதான். ஆனால் அவர் முகத்துக்கு இல்லை. அந்தப் பயத்தை அவரிடமே போய்ச் சொல்லியிருக்கலாம் என்று பதினொரு வயதில் எனக்குத் தெரியவில்லை.