தாம்பாளத்தில் இறங்கிய மஞ்சள்

காசநோய்க்கு மாத்திரை போட ஆரம்பித்து இரண்டாம் மாதம் என் கண் மஞ்சளானது. சோற்றைப் பார்த்தாலே குமட்டல். என் வாய் நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. மாத்திரைதான் ஈரலைக் கெடுத்திருக்கிறது என்றாள் டாக்டரம்மா. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரத்தம் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தருவதாகச் சொன்னாள்.

மாத்திரை முடியும்வரை வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்பக்கத்து அறையில் படுக்கை. யார் தயவிலும் உட்கார்ந்து தின்னாதவள் நான். சீக்கிரம் மாத்திரையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாத்தனார் பேச்சைக் கேட்டு, ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு வைத்தியரிடம் ஷேர் ஆட்டோவில் போனேன்.

அவர் எனக்கு முன்னால் வைத்த தாம்பாளத்தின் விளிம்பில் முன்னால் வந்தவர்களின் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. ஏதோ பழுப்புத் தண்ணீரை என் கையில் மணிக்கட்டுவரை தேய்த்தார். மேலே சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினார். மஞ்சளாக இறங்கியது.

"பாத்தியா ஆயா? மாத்திரையோட விஷம் பூரா இதான்."

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ அண்ணி, இம்மாத்தையும் உள்ள வெச்சிக்கினா இருந்த!"

வைத்தியர் ஒரு பாட்டிலைத் திறந்தார். பச்சைச் சாறு, மேலே ஆடை படிந்திருந்தது. அதைச் சுண்டுவிரலால் வழித்துப் போட்டார். நகமெல்லாம் அழுக்கு.

"கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி எல்லாம் சேந்தது. இத்தக் குடிச்சிட்டு இன்னிக்கே எல்லா மாத்திரையும் ஒண்ணாப் போடு. ஈரலுக்கு ஒண்ணும் ஆவாது."

கையை நீட்டத்தான் போனேன். என் விரலில் துவர்ப்பு வாடை அடித்தது. முப்பது வருஷம் சாயப்பட்டறையில் பட்டு நூலைக் கொதிக்கிற அண்டாவில் முக்கி எடுத்தவள் நான். மாம்பட்டை ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் என்ன நிறம் வருமென்று எனக்கா தெரியாது?

"இவளுக்கும் ஒருவாட்டி கழுவிவுடு" என்றேன்.

"அவங்களுக்கு என்னா நோவு?"

"ஒண்ணுமில்ல. வெள்ளையா வருதான்னு பாப்போம்."

அவர் அசையவில்லை. நானே பழுப்புத் தண்ணீரை நாத்தனார் உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, சுண்ணாம்புத் தண்ணீரை விட்டேன். எனக்கு வந்ததைவிட நல்ல மஞ்சள்.

"உனுக்குத்தாம்மா முத்திப் போச்சு!" என்று வரிசையில் ஒருவர் நாத்தனாரைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. அடுத்த பெண் என்னைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். அந்த ஆளைவிட அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அரை நாழிகைக்கு முன்னால் நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்.

சாற்றைக் குடிக்காமலே திரும்பி, நடந்ததை டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"கீழாநெல்லிய நான் கெட்டதுன்னு சொல்லல ஆயா. ஆனா மாத்திரைகிட்டேருந்து ஈரலக் காப்பாத்தும்னு நம்பிக் குடுக்குற அளவுக்கு நிச்சயமாத் தெரியல. இப்ப அதையும் சேத்துக் குடிச்சா, எது கெடுக்குதுன்னே எனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. ஒரே அண்டாவில் இரண்டு சாயத்தைக் கொட்டிவிட்டு, எதனால் திட்டு விழுந்தது என்று கேட்க முடியாது.

மூன்று வாரம் கழித்து முதல் மாத்திரையை மட்டும் கொடுத்தாள். நான்காம் நாள் ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு முந்தின நாள் மத்தியானம் நாத்தனார் மோர் கொண்டுவந்தாள். ஒரு வாய் உள்ளே போன பிறகுதான் அந்தப் பச்சைச் சாற்றின் வாடை தெரிந்தது. மீதியைத் துப்பினேன்.

"அந்தாளுகிட்ட மறுபடியும் போனியா?"

"உன் ஈரலுக்குத்தான் அண்ணி. சொன்னா குடிக்க மாட்டியே."

"அவன் நகத்து அழுக்க எனுக்கு ஊத்திக் குடுத்திருக்கிறியேடி!"

அவள் அழுதாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, வாந்திதான் வந்தது.

மறுநாள் அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் திட்டவில்லை. இரண்டாவது மாத்திரையை மட்டும் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போட்டாள்.