வேலப்பண்ணன் துப்பாக்கியின் வாய்

போன வாரம் பாறசாலை ஸ்டேஷனுக்கு வெளியே வறுகடலை வாங்கினேன். கூம்பாகச் சுருட்டிய காகிதக் கும்பிளைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துவிட்டேன் போல. பாதிக் கடலை உருண்டு என் செருப்புக்கடியில் போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலப்பண்ணன் ஞாபகம்.

தொண்ணூறுகளில் இங்கே ஒரு லேத்துப் பட்டறையில் இருந்தேன். அதற்கு முன் ஓட்டல், அதற்கும் முன் சூளை. எதிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை, பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பட்டறையில் கூலி குறைவு, ஆனால் சாக்கு விரித்துப் படுத்துக்கொள்ளலாம். எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த அந்த நாற்றம் இல்லாமல் பிறகு கொஞ்ச காலம் உறக்கமே வரவில்லை.

பக்கத்தில் கொல்லயில் என்கிற ஊர்க்காரரான வேலப்பண்ணன் தன் துப்பாக்கியோடு அங்கே வந்தார். லைசென்சு உள்ள, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய சாமான். மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்கிற ஒரு பெருச்சாளியைச் சுட வேண்டும். துணி சுற்றிய ஈயக் குண்டோ குழாய்க்குள் லேசில் இறங்காது. சுத்தியலால் டொக்கு டொக்கென்று அடித்து இறக்குவதற்குள் பெருச்சாளி சாப்பிட்டு முடித்துப் போய்விடும்.

“மக்கா, அவ சொல்லிட்டா. இந்தத் தடவயும் அது தப்பிச்சுதுன்னா துப்பாக்கி போலீசுக்காக்கும்.”

‘அவ’ என்றது மனைவி செல்லம்மாக்காவை. எலக்‌ஷன் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கலாம். இந்த முறை திரும்ப வாங்கக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

நான் ஒரு கட்டையைக் கடலைக் கும்பிள் வடிவில் கடைந்து, உப்புத்தாள் சுற்றி, குழாயின் வாய்க்குள் விட்டு ஒரு பகல் முழுக்கத் திருகினேன். விளிம்பு புனல்போல் உள்ளே சரிந்தது. துணியோடு குண்டு, கட்டைவிரல் அழுத்தத்துக்கே இறங்கியது. அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார்.

மறுநாள் அந்தியில் வேடிக்கை பார்க்க நானும் போனேன். மருந்தை விட்டார், தேங்காய் நாரை வைத்துக் கெட்டித்தார், குண்டைப் போட்டார்.

“அண்ணே, துணி?”

“சும்மா கெடலே. துணி இல்லாட்டா இன்னும் சொகமாட்டு போவுது.”

பெருச்சாளி வரப்புக்குக் கீழே, அவர் காலடியிலேயே வந்து நின்றது. அண்ணன் ஒரு கண்ணை மூடி, குழாயைக் கீழே சாய்த்தார். சுகமாகப் போன குண்டு சுகமாகவே திரும்பி வந்து பெருச்சாளியின் மூக்குக்கு முன்னால் விழுந்தது. அது முகர்ந்து பார்த்தது, கொட்டைப்பாக்கு என்று நினைத்ததோ என்னவோ, கவ்விக்கொண்டு பொந்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ‘டுமீல்’.

அக்கா ஓடிவந்தாள். புகைக்குள் இருமிக்கொண்டு நின்ற அண்ணனிடம் நான்தான் நடந்ததைச் சொல்ல வேண்டியிருந்தது.

“இத்தன நாளும் கெழங்கு குடுத்தீங்க. இப்பம் குண்டும் குடுத்தாச்சு,” என்றாள் அக்கா. “இனி அது திருப்பி இஞ்சோட்டுச் சுடாம இருந்தா போதும்.”

எலக்‌ஷன் வந்தது, துப்பாக்கி போனது. அண்ணன் திரும்ப வாங்கவில்லை. கேட்டவர்களிடம், “குண்டு அதுக்க கிட்ட. எனக்க கிட்ட துப்பாக்கி மட்டும் இருந்து என்ன செய்ய?” என்று ரொம்ப நியாயமாகச் சொன்னார்.

மிச்சக் கடலையைத் தின்றுகொண்டே கொல்லயில் வரை நடந்தேன். பட்டறை இருந்த இடத்தில் மொபைல் கடை. அண்ணனும் அக்காவும் போய்ச் சேர்ந்தாயிற்று. மரச்சீனி நின்ற இடத்தில் மாடி வீடு. கேட்டில் நின்ற வீட்டுக்காரரிடம், அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஒரு ஈயக் குண்டு கிடைத்ததா என்று கேட்டேன்.

“எந்து குண்டு?” என்றார்.

துப்பாக்கிக் குண்டு, பெருச்சாளியுடையது என்று விளக்கினேன். கேட்டைப் பூட்டிவிட்டார்.