துடைப்பம் அழித்த மூன்று வரி

கம்பெனியில் அவருக்குத் துடைப்பம் என்று பெயர். வைத்தது மச்சான்தான், மனைவியின் தம்பி. சர்வர் என்னும் பெரிய கம்ப்யூட்டர்களைக் கோத்து மூடுவது மச்சானின் வேலை. அவற்றை மூன்று நாள் ஓடவிட்டுச் சோதித்து, வாடிக்கையாளரிடம் போகுமுன் லாக்கைத் துடைப்பது இவர் வேலை. லாக் என்பது தனக்கு நேர்ந்ததையெல்லாம் இயந்திரமே எழுதி வைக்கும் குறிப்பு. மூடியைத் திறந்தால் ஒரு வரி, வயரைப் பிடுங்கினால் ஒரு வரி. சோதனையில் படுத்திய பாடெல்லாம் அதில் இருக்கும். வாங்குகிறவன் பார்த்தால், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று குதிப்பான். அதனால் வரி வரியாகப் படித்து, நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். பதினாறு வருஷம் ஒரு வரி விட்டதில்லை என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வியாழக்கிழமை லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மேலாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இவர் நகல் எடுக்கவில்லை. மேலோட்டமாக ஓட்டியபோது, மூடி, வயர், மூடி என்பதற்கு நடுவே, நான்காவது ரேம், அதாவது நினைவகச் சில்லே பழுது என்று மூன்று வரி கண்ணில் பட்டது. படும்போதே விரல் அழித்துவிட்டது. அப்போதும் அந்தச் சர்வரை அனுப்பாமல் நிறுத்தியிருக்கலாம். லாரி நிற்கிறதே என்று விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம் வாடிக்கையாளரிடத்தில் அந்தச் சர்வர் படுத்துவிட்டது. அதே நான்காவது ரேம். சரியாக அழுத்திப் பொருத்தவில்லை என்று பழி நேராக மச்சான் தலையில் விழுந்தது. மேலாளர் இவரைக் கூப்பிட்டு, அனுப்பும்போது லாக்கில் ஏதாவது இருந்ததா என்று கேட்டார். ரேமே சொத்தை, சோதனையிலேயே முனகியது என்று ஒரு வார்த்தை சொன்னால் மச்சான் பிழைப்பான். இவர் வேலை போகும்.

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருந்துச்சு."

பாவி மனுஷன். நகல் எங்கே என்றுகூட யாரும் கேட்கவில்லை. பதினாறு வருஷத்து நல்ல பெயர் அந்தப் பொய்க்கு முட்டுக்கொடுக்கத்தான் உதவியது.

மச்சானை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தான். தம்பிக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசக் கூடாதா என்று அவள் புருஷனிடம் கொதித்தாள். அவளை அடக்கியது மச்சான்தான்.

"மாமா கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பாராக்கா? அவரு லாக்ல ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லதான். நான்தான் சரியா அழுத்தாம விட்டிருக்கேன்."

இவருக்கு வாய் வரை வந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து அதையும் சேர்த்து விழுங்கினார்.

இப்போது மச்சான் ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறான். அக்கா வீட்டுக்கு வந்து திரும்பும்போது கதவைச் சாத்துகிறான். தாழ் விழுந்ததா என்று அழுத்திப் பார்க்கிறான். படியிறங்கிப் போனவன் திரும்ப வந்து இன்னொரு தடவை அழுத்துகிறான். உள்ளே உட்கார்ந்து இவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.