வலது விலா

போன வாரம் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாராட்டு விழா. அங்கே மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த ஜெபராஜ், புரொஃபஷனல் பாக்ஸிங்கில் சாம்பியன் ஆகியிருக்கிறார். வாழ்த்திப் பேச நான். குத்துச்சண்டைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? கொசு அடிப்பதோடு சரி. ஆனாலும் மைக்கைக் கொடுத்தால் விடுவேனா?

பொன்னாடை மேல் பொன்னாடை. சாம்பியன் பெல்ட்டைத் தோளில் போடச் சொல்லி செல்ஃபி மேல் செல்ஃபி. மனுஷர் சிரிக்கவே இல்லை. சாம்பியன் என்றால் உர்ரென்றுதான் இருக்க வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு மாணவர் எழுந்தார். "அண்ணே, ஃபைனல்ல கடைசி ரவுண்டுல ஒரே அடி! எங்கன அடிக்கணும்னு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"ப்ராக்டிஸ்தான் தம்பி" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார் ஜெபராஜ். முகம் செத்துப்போயிருந்தது.

விழா முடிந்து, எதிரே டீக்கடையில் அவரே ஆரம்பித்தார்.

ஃபைனலில் எதிரே நின்றவர் சுடலை. சேரன்மகாதேவிக்காரர். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே ரூம். சாக்கில் ஆற்று மணலை நிரப்பி, பின்பக்க வேப்பமரத்தில் கட்டி, மாறி மாறிக் குத்தித்தான் ரெண்டு பேரும் பாக்ஸிங் படித்தார்கள். டிப்ளமோ முடித்ததும் கிடைத்த கம்பெனி வேலையைச் சேர்ந்தே உதறினார்கள். வீட்டில் திட்டு வாங்கியதும் சேர்ந்துதான். சென்னைக்குப் போனபிறகு வேறு வேறு கோச், ஆனால் ஒரே எடைப் பிரிவு. ஒருநாள் மோத வேண்டி வரும் என்று தெரியாதா? தெரியும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்கள்.

"படிக்கும்போது ஒரு நாளு நாந்தான் பைக் ஓட்டுனேன், அண்ணாச்சி. ஆடு குறுக்க வந்துட்டு. எனக்குச் சிராய்ப்பு. பின்னால இருந்த சுடலைக்கு வலது விலா முறிஞ்சிட்டு. எலும்பு கூடிருச்சு. ஆனா அந்த எடத்துல ஓங்கிப் பட்டா அவனுக்கு மூச்சு நின்னுரும். அது எனக்கு மட்டுந்தான் தெரியும். நாந்தான தைலம் தேய்ச்சுவிட்டேன்! ப்ராக்டிஸ்ல அந்தப் பக்கம் கையே கொண்டு போமாட்டேன்."

"ஃபைனல்ல?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தோத்துக்கிட்டு இருந்தேன். கை தானாப் போயிட்டுன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லுதேன். தானால்லாம் போகல, அண்ணாச்சி. நாந்தான் அனுப்புனேன்."

சுடலை மண்டியிட்டு விழுந்தவர்தான்... எழுந்திருக்கவில்லை. விதிப்படி சுத்தமான அடி. ஒருவரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு சுடலை ரிங்கில் ஏறவே இல்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் ஜெபராஜ் சேரன்மகாதேவிக்குப் போகிறார்.

"அவங்கம்மா காப்பி தாராங்க. அவன் வெளிய போயிருக்கான்ங்காங்க. செருப்பு வாசல்லதான் கெடக்கு."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"போன தடவ கேட்டேன். வலி இருக்காம்மான்னு. 'வலியெல்லாம் போயிட்டுய்யா. வேற எவன் அடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பேன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கான்'னாங்க."

ஜெயித்த ஒருவரைப் பார்த்து இவ்வளவு பாவமாக இருந்தது இதுதான் முதல் தடவை.

யோசித்தால், நம் வீட்டுச் சண்டைகள் மட்டும் என்னவாம்? எங்கே அடித்தால் நமக்கு வலிக்கும் என்று ஊரானுக்குத் தெரியாது. தைலம் தேய்த்தவருக்குத்தான் தெரியும். அண்ணன் தம்பியோ, புருஷன் பெண்டாட்டியோ — பேச்சில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கை நேரே அங்கேதான் போகிறது. என்ன, நமக்கு யாரும் பெல்ட் தருவதில்லை!

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரை மட்டும் மாத்திருங்க. அவங்க வீட்ல வாராவாரம் நீங்க எழுதுத புஸ்தகம் வாங்குதாங்க" என்றார். எதற்காக என்னிடம் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே, சுடலை... ஜெபராஜ் மறுபடியும் வருவார். ஒன்று, கதவைத் திறந்து நாலு திட்டு திட்டுங்கள்.

இல்லையென்றால், அந்தச் செருப்பையாவது உள்ளே எடுத்துப் போட்டுவிடுங்கள்.