எலும்பு வார்டில் பேச்சு மாறியவர்கள்

இடுப்பு ஒடிந்த பெரியவர்களைத் திரும்ப நிற்க வைப்பதுதான் என் தொழில். கால் நின்ற பிறகும் ஆள் வந்து சேராத நாட்கள் இதில் உண்டு என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு சில வருடங்கள் விருதுநகரில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாது. 'எக்சர்சைஸ் சார்' என்பார்கள். ஆபரேஷன் ஆன மறுநாள் காலையில் வாக்கரோடு போய் நிற்பேன். முந்தின நாள்வரை தெளிவாகப் பேசிய மனிதர் என்னைப் பார்த்து, "மாடு அவுந்துருச்சு, பிடிலே" என்பார். கூட இருக்கும் பிள்ளைகள் முகம் செத்துப்போகும். இப்படி ஒரு கட்டில் ஓரத்தில் நின்று, அப்பாவுக்குப் புத்தி போய்விட்டதோ என்று பயந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்களோடு நின்று பயந்தவன்தான்.

கட்டிய கை

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வத்தல் வியாபாரம் செய்த பாய் ஒருவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். ஆபரேஷனுக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, சம்பா வத்தலுக்கும் முண்டு வத்தலுக்கும் காரம் எப்படி மாறும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். ஆபரேஷன் ஆன இரண்டாம் நாள் அதே மனிதர் குளுகோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். நான் கிட்டப் போனால், "கள்ளப்பய வர்றான்" என்று அலறினார். புதிதாக வைத்த மூட்டு நழுவிவிடுமே என்ற பயத்தில் அவர் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினேன். கட்டிய பிறகு இன்னும் மோசமானார்.

வார்டு பொறுப்பில் இருந்த ரோஸ்லின் சிஸ்டர் வந்தார். என்னைத் திட்டவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவர் மகளைப் பார்த்து, "அத்தாவோட காது மிஷின் எங்கம்மா? கண்ணாடி எங்க?" என்றார். ஆபரேஷன் அன்று கழற்றி, தொலைந்துவிடக் கூடாதென்று பைக்குள் வைத்ததோடு சரி. இரண்டு நாளாக அந்த மனிதருக்கு உலகம் வெறும் நிழலும் இரைச்சலும்தான். ஒரு நிழல் வந்து கையைக் கட்டினால் யார்தான் அலற மாட்டார்கள்?

இரண்டையும் மாட்டினோம். தண்ணீர் கொடுத்தோம். மகள் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை; கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தார். நாலாம் நாள் வாக்கரில் நின்றபோது என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கைதானே கட்டுச்சு? மறக்கலே தம்பி. இப்ப இதைப் பிடிச்சுத்தான் நிக்கேன், விட்டுராதீங்க."

காற்றில் ஒரு சரம்

முத்தம்மாள் திருத்தங்கல்காரர். பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவர். ஆபரேஷன் ஆன மறுநாள் நான் போனபோது, மல்லாந்து படுத்தபடி இரண்டு கை விரல்களும் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. எடுக்கிறார், மடக்குகிறார், இழுக்கிறார், அடுத்தது. "என்னம்மா செய்றீங்க?" என்றேன். கண் என் மேல் நிற்கவே இல்லை. எந்த ஊர் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற மகளுக்கும் கம்பெனியில் அதே சரம் பின்னும் வேலைதான். அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "சரம் பின்னுறாக சார். ஒரு வெடிகூடப் பிசகலே." பெற்ற மகளின் பெயர் போய்விட்டது, விரலிலிருந்து எதுவும் போகவில்லை. நான் வந்த வேலையை மறந்து நின்றேன்.

பெரிய டாக்டர் வந்து, கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். முத்தம்மாள் "சனி" என்றார், அதோடு எங்கோ போய்விட்டார். "இது மறதி வியாதி இல்லம்மா. அது மெல்ல மெல்ல வரும். இது நேத்து இல்ல, இன்னைக்கு வந்திருக்கு. அப்ப உடம்புல எங்கயோ ஏதோ கெட்டிருக்கு. தேடணும்" என்றார் டாக்டர் மகளிடம். தேடியதில் ரத்தத்தில் உப்பு இறங்கியிருந்தது. அதை அவசரப்படாமல் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் விரல் நின்றது, கண் நின்றது, மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ரெண்டு நாளா விடாமல் பின்னினாய் என்று மகள் அழுதுகொண்டே சொன்னதும் முத்தம்மாளுக்குக் கோபம்: "ரெண்டு நாளாவா? அம்புட்டு நேரமும் ஒருத்திகூட எனக்கு டீ வாங்கித் தரலையா?"

தொந்தரவு இல்லாத கட்டில்

காரியாபட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். வார்டிலேயே சமத்து அவர்தான் என்று எல்லோரும் சொன்னோம். கூப்பிடுவதில்லை, கத்துவதில்லை. நான் காலைத் தூக்கினால் தூக்கவிடுவார், இறக்கினால் இறக்கவிடுவார். சாப்பாட்டுத் தட்டு மட்டும் வைத்தபடி இருக்கும். அவர் மனைவிதான் என் பின்னாலேயே வந்தார். "சார், இவுக சண்டை போட மாட்டேங்காக." நல்லதுதானேம்மா என்றேன். "நாப்பது வருசமா உப்பு கூட, உறைப்பு கொறச்சல்னு சொல்லாம ஒருவேளை சாப்பிட்டதில்ல. இது அவுக இல்ல சார்."

ரோஸ்லின் சிஸ்டர் அந்தப் பேச்சைக் கேட்டதும் டாக்டரை அழைத்தார். கத்துபவர்களை எல்லோரும் பார்க்கிறோம், இப்படி அமைதியாக மூழ்குபவர்களைத்தான் தவறவிடுகிறோம் என்று டாக்டர் எனக்கும் சேர்த்துச் சொன்னார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மருந்து ஏறி ஐந்தாம் நாள் காலை, காப்பியை ஒரு வாய் குடித்தவர் டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு, "இதென்ன, கழனித் தண்ணியா?" என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "வந்துட்டாக சார்."

எல்லோரும் வெளியே

பரமசிவம் அண்ணாச்சி சிவகாசிக்காரர். முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஆபரேஷன் ஆன மறுநாள் மத்தியானம், பார்வையாளர் நேரம். வார்டு நிறைய ஆட்கள். ஊழியர் ஒருவர் இரும்பு ஸ்டாண்டைத் தரையோடு கரகரவென்று இழுத்துக்கொண்டு போனார். காலையிலிருந்து சொந்தப் பெயரையே சொல்லாமல் கிடந்த அண்ணாச்சி விருட்டென்று தலையைத் தூக்கினார். "எவன்லே இழுக்கிறது? போட்டது போட்டபடி எல்லாரும் வெளிய போங்க!"

கத்தவில்லை. ஆனால் அந்தக் குரல் வேறு. பட்டாசு மருந்து இருக்கும் அறையில் இரும்பு உரசி ஒரு பொறி வந்தால் போதும்; அது தெரிந்த சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆட்கள் எல்லோரும் எழுந்து நடந்தார்கள். பாதிச் சோற்றில் கையை வைத்திருந்தவர் தட்டை அப்படியே விட்டார். ஒருத்தர்கூட ஓடவில்லை, இடித்துக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் நிற்கிறோம், நானும் நிற்கிறேன். அப்புறம்தான் சிலர் சிரித்தார்கள்.

நான் திரும்ப உள்ளே போய், "இது ஆஸ்பத்திரி அண்ணாச்சி, ஒண்ணும் இல்ல" என்றேன். சொல்லச் சொல்ல அவர் பதறினார், யாரையோ தேடி இறங்கப் பார்த்தார். என் பின்னாலேயே உள்ளே வந்த அவர் மகன் என் காதில் சொன்னார்: "ஒரு தடவை கம்பெனியில வெளிய வந்து எண்ணும்போது ஒரு ஆள் கொறைஞ்சிருச்சு சார்."

ரோஸ்லின் சிஸ்டர் ஸ்டூலை இழுக்காமல் தூக்கி வந்து போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். "எல்லாரும் வெளிய வந்துட்டாக அண்ணாச்சி. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "எண்ணுனீகளா?" என்றார் அவர். சிஸ்டர் வாசலைப் பார்த்தார். வெளியே நின்ற ஒருவர் "ஒண்ணு" என்றார். அடுத்தவர் "ரெண்டு". யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பதினேழு. அண்ணாச்சி தலையணையில் சாய்ந்தார்.

டாக்டர் வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது. ராத்திரியிலிருந்து சிறுநீர் போகவில்லை. வலி ஊசியின் வேலை. டியூப் போட்டார்கள், ஊசியை மாற்றினார்கள், ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றி மகனைப் பக்கத்திலேயே இருக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆள் முழுசாகத் தெளிந்தார். நடந்ததை மகன் சொல்லக் கேட்டுக்கொண்டே என்னோடு நாலு எட்டு வைத்தார். "நீங்களும் வெளிய போனீகளா சார்?" என்றார். போனேன் என்றேன். அவர் வாக்கரை நிறுத்தினார்: "போனது சரி. ஆனா எண்ணி முடிக்கிறதுக்கு முந்தி திரும்ப உள்ள வந்தீகளாமே, அது தப்பு."

மொத்தத்தில் நான் கற்றது, பேச்சு மாறிய பெரியவரை டாக்டருக்கு முன்னால் கண்டுபிடிப்பது வீட்டு ஆட்கள்தான் என்பதால், நம் சொந்தக் குணத்தை வீட்டில் ஒளிக்காமல் காட்டி வைத்திருப்பது உடம்புக்கு நல்லது என்பதுதான்.