வறுத்த மண்

நூலகத்தில் அந்தப் பத்தியைப் படித்ததும் காது மடல் சுட்டது. பூஞ்சை என்றால் நோய் என்று மட்டும்தான் பள்ளியில் படித்திருந்தேன். இந்தப் புத்தகமோ வேறு சொன்னது. மண்ணுக்குள் சில பூஞ்சைகள் வேரோடு சேர்ந்து வாழ்கின்றன; வேர் எட்டாத இடத்துக்கும் மெல்லிய இழைகளை நீட்டிச் சத்தை இழுத்துக் கொடுக்கின்றன. பதிலுக்குச் செடி, தான் ஆக்கிய சர்க்கரையில் கொஞ்சம் தருகிறது. எலுமிச்சை இன வேர்களிலும் இவை உண்டு என்று ஒரு வரி. அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கணவரை இழந்தவர். கஸ்தூரி எலுமிச்சை நாற்றுகளைப் பால் டின்களில் வளர்த்துப் பசாரில் விற்றுத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒவ்வொரு டின்னிலும், கொல்லையில் காய்க்கிற மரத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண் போடுவார்.

"தாய்மண்ணு போடாட்டி புள்ள தேறாது தம்பி."

போன வருஷம் மெர்டேக்கா வந்து நாடு விடுதலையான கையோடு எனக்கு நாட்டையே திருத்திவிடும் துடிப்பு.

"என்னக்கா, இன்னும் எஸ்டேட்டுக் காலமா? அதுல பூரா கிருமி. மண்ண வறுத்துப் போட்டா சுத்தம்."

"வறுக்கிறதா? உப்பு, காரம் எவ்வளவு தம்பி?" என்று சிரித்தார். பிறகு, "சரி, படிச்ச புள்ள சொல்றே. செய் லா" என்றார்.

டின்களுக்கான மண் முழுவதையும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டி, தென்னை மட்டை நெருப்பில் பகல் முழுக்க வறுத்தேன். மரத்தடி மண்ணைத் தொடவே விடவில்லை. அறுபது டின்.

முளைத்தன. விரல் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டன, இலையும் வெளிறியது. விற்க ஒன்றுமில்லாமல் அக்கா தெங்கேராவில் ஒரு வீட்டுக்குத் துணி துவைக்கப் போகிறார்.

"என் கைராசி போச்சு தம்பி. உன்னைய வேற சிரமப்படுத்திட்டேன்" என்றார் வேலியோரம்.

"பரவால்லக்கா" என்றேன்.

பரவாயில்லையாம்! வறுத்ததுதான் காரணமோ என்ற சந்தேகம் அப்போதே எனக்கு இருந்தது. கெட்டிக்காரன் பெயர் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு மனுஷி தன் கையையே நொந்துகொள்ள, நான் பெருந்தன்மையாக மன்னித்திருக்கிறேன்.

நாளைக் காலை, அவர் வேலைக்குக் கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும்: "உங்க கை இல்லக்கா, நான்தான் கெடுத்தேன்." புத்தகத்தைக் கொண்டுபோகக் கூடாது, காட்டினால் மறுபடியும் நானே கெட்டிக்காரன் ஆகிவிடுவேன். திட்டட்டும். அதன்பின் அனுமதித்தால், உயிரோடு இருக்கும் நாற்றுகளுக்கு மரத்தடி மண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பாதியைச் சும்மா விட்டு வைக்கலாமே என்று இப்போதும் புத்தி ஓடுகிறது. பாதியாவது ஒன்றாவது! எல்லாவற்றுக்கும்தான் போட வேண்டும், அதுவும் அவர் கையால். நான் தண்ணீர் சுமக்கிறேன்.