எங்க நாள், ஒங்க நாள்

போன செவ்வாய்க்கிழமை ஒரு நண்டைக் கையில் பிடித்தேன். அது என்னைக் கடிக்கவில்லை!

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்கு அது சரியாகப் படவில்லை. உயிருள்ள நண்டு சார்... கண்ணை நீட்டிப் பார்க்கிறது, காலை மட்டும் அசைக்க மாட்டேன் என்கிறது. உடம்பெல்லாம் கறுப்பாக ஒரு பிசுபிசுப்பு.

நண்டுக்குச் சொந்தக்காரர் முருகையா. மணமேல்குடிப் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறார். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை விடாமல் படிப்பவராம். "ஒரு மனு எழுதித் தரணும் சார். மொதல்ல வந்து பாருங்க" என்று போன் போட்டார். எனக்கு ஊர் கடல் பார்க்காத அரிமளம். கடல் என்றால் கரையில் நின்று பேன்ட்டை மடித்துக்கொள்கிற ஆள். ஆனாலும் கிளம்பிவிட்டேன்.

காலை பத்து மணி, நல்ல வெயில். கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். அலை நின்றுவிட்டது. முகத்தில் காற்று அடிக்கிறது, தண்ணீர் மட்டும் அசையவில்லை! கண்ணுக்கு எட்டிய வரைக்கும் வழுவழுவென்று, நீலமும் ஊதாவுமாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. அதன் மேலே ஒரு பறவைகூடப் பறக்கவில்லை. ஓரம் வரை வந்து, சுற்றிக்கொண்டு போயின.

"போயிரலாமா?" என்றேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், பயமாக இருந்தது.

"நான் எங்கிட்டு சார் போவேன்?" என்றார் முருகையா. "இன்னொரு தடவ நண்டுல டீசல் வாடை அடிச்சா இங்கிட்டு வராதீங்கன்னு யாவாரி சொல்லிட்டாரு. நண்ட விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது."

அங்கே ஒரு வழக்கம் உண்டு. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டை வராமல் இருக்க ஏற்பாடு. அவர்கள் விடியலில் கரை திரும்பினால் இவர்கள் கிளம்புவார்கள். இவர்கள் நாளில் மட்டும் இந்தக் கறுப்பு வந்து கிடக்கிறது. யார் விடுகிறார்கள்?

வலையை இழுத்தார். நண்டோடு ஒரு கரித்துணியும் வந்தது. உதறிப் பார்த்தார்... வெயிலில் விரித்துப் பிடித்தார்.

ரோஸ் கலர் புடவைத் துண்டு. மயில் கரை.

"எந்தங்கச்சி சீலை சார். தலைப்பொங்கலுக்கு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

தங்கச்சி வீட்டுக்காரர் செல்வம் விசைப்படகு டிரைவர். பழைய புடவையைக் கிழித்துத்தான் என்ஜின் துடைப்பார்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனோம். செல்வம் எதையும் மறைக்கவில்லை. என்ஜின் ரூம் அடியில் டீசலும் கிரீஸும் கலந்த தண்ணீர் தேங்கும். அதைக் கடலில் விடக்கூடாது, கரைக்குக் கொண்டுவந்து பீப்பாயில் ஊற்ற வேண்டும் என்பது சட்டம். கரையில் பீப்பாய் இல்லை. ஆனால் மீன்துறை ஆபீசர் வந்து அடியில் எட்டிப் பார்ப்பார், எண்ணெய் மிதந்தால் அபராதம்! அதனால் துறைக்கு வருவதற்கு முன்னாலேயே துடைத்த துணியோடு சேர்த்துக் கடலில் கொட்டிவிடுவாராம். ஆக, சட்டத்துக்குப் பயந்துதான் இத்தனையும்.

"நான் வலை போடுற எடத்துலயா மாப்ளே?"

செல்வம் நிஜமாகவே முழித்தார். "ஒங்க நாள்ல நான் தொட்டதே இல்ல மச்சான். எங்க நாள்லதானே விட்டேன்?"

முருகையா சத்தம் போடவில்லை. அடுத்து வந்த நாட்டுப்படகு நாளில் மாப்பிள்ளையைப் படகில் ஏற்றிக்கொண்டார். நானும் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கிழமையில் செல்வம் கடலுக்கு வந்ததே இல்லையாம். வெகுநேரம் பார்த்தார். தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தார். மணிக்கட்டு வரை கறுப்பு.

"மச்சான்... சத்தியமா இம்புட்டும் நான் விடல. நான் விட்டது ரெண்டு வாளி."

"நம்புறேன் மாப்ளே" என்றார் முருகையா.

துறையில் பீப்பாய் வைக்கச் சொல்லி அன்றே மனு எழுதினேன். முதல் கையெழுத்து செல்வம். பிறகு மற்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. ஆனால் பேனாவைத் திருப்பித் தரும்போது ஒவ்வொருவரும் என் காதருகே குனிந்து, ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்...

"நான் ரெண்டு வாளிதான் சார்."